‘டூ வீலர் அவசியம்... நல்ல உடல்வாகு அவசியம்!’ - வேலை விளம்பரத்தில் ஒளிந்திருக்கும் பாகுபாடு

‘பில்லிங் வேலைக்கு ஆட்கள் தேவை. டூ வீலர் அவசியம். நல்ல உடல்வாகு உள்ளவர்கள் போனில் மட்டும் தொடர்புகொள்ளவும்.’

வாட்ஸ்அப் குரூப்களில் இப்படியான விளம்பரங்களைத் தினமும் கடந்துபோகிறோம். இதில் என்ன தவறு என்றுகூடத் தோன்றாது. ஆனால், ‘மாற்றுத்திறனாளிகள் வேண்டாம்’ என்று எங்கேயும் எழுதாமலேயே, அவர்களில் பலரை இந்த விளம்பரம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முதலில், டூ வீலர். டெலிவரி வேலைக்கு வண்டி கேட்டால் நியாயம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுபவருக்கு எதற்கு வண்டி? நேரத்துக்கு வர வேண்டும் என்பதுதான் முதலாளியின் கவலை என்றால், ‘காலை 9 மணிக்கு வர வேண்டும்’ என்று எழுதினால் போதுமே. பஸ்ஸில் வருவதா, ஆட்டோவில் வருவதா என்பது வருபவர் பாடு!

‘நல்ல உடல்வாகு’ என்றால் என்ன என்று கேட்டால், எழுதியவருக்கே பதில் தெரியாது. மூட்டை தூக்கும் வேலையா? எத்தனை கிலோ என்று எழுதுங்கள். இல்லையா, அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

‘போனில் மட்டும்’ என்பது இன்னும் மோசம். டேலியில் கில்லியாக இருக்கும் காது கேளாத ஒருவர், அந்த வேலையைப் பற்றி விசாரிக்கவே முடியாது. ‘மெசேஜும் அனுப்பலாம்’ என்று சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? அதேபோல, விளம்பரத்தைக் கலர்கலராக டிசைன் செய்து வெறும் படமாக அனுப்புகிறார்கள். பார்வையற்றவர்களுக்கு எழுத்துகளை வாசித்துக்காட்டும் போன் வசதி, படத்துக்குள் இருக்கும் எழுத்தில் பெரும்பாலும் தடுமாறும். படத்துக்குக் கீழே அதே விவரத்தை டைப் செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

இதெல்லாம் வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைப் பற்றிப் பேசுகிறது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கும் இந்தச் சட்டத்தின்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரிடம் பாகுபாடு காட்டக் கூடாது. நியாயமான நோக்கத்துக்காக, தேவையான அளவில்தான் அந்த நிபந்தனை என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே விலக்கு. லாரி டிரைவருக்குப் பார்வைத்திறன் கேட்பது அந்த விலக்கில் வரும். டேட்டா என்ட்ரிக்கு ‘நடக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்றால் வராது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தெந்தப் பணிகள் ஏற்றவை, என்னென்ன வசதிகள் உண்டு என்பதையெல்லாம் சமவாய்ப்புக் கொள்கையாக எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். உங்கள் ஆபீஸில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா?

விளம்பரம் என்ன, அரசு விதியே கதவை அடைத்த கதையும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நீதித்துறைப் பணியில் சேர முடியாதபடி ஒரு விதி இருந்தது. அதை எதிர்த்து, பார்வைக் குறைபாடு உள்ள ஒருவரின் தாய் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக மாறியது. 2025 மார்ச் 3-ம் தேதி, நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. மகாதேவன், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர். தீர்ப்பு எழுதும் வேலைக்கே பார்வை தடையில்லை என்றால், பில் போடும் வேலைக்கு டூ வீலர் எதற்கு?

இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், முதலில் அந்த எண்ணுக்கு ‘இந்த நிபந்தனை எதற்கு?’ என்று ஒரு மெசேஜ் போடுங்கள். யோசிக்காமல் பழைய விளம்பரத்தை அப்படியே காப்பியடித்தவர்கள்தான் அதிகம், கேட்டால் மாற்றிவிடுவார்கள். மாற்றவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு முன்பு தேதி, போன் நம்பர் தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் போட்ட விளம்பரத்தை டெலீட் செய்ய ஒரு நிமிஷம் போதும்!