குளிரில் கூட்டியும் கோடையில் குறைத்தும்

சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் டெல்லியில் யார் வேண்டுமானாலும் ஒரு காற்று மாசு சென்சார் வாங்கிப் பால்கனியில் மாட்டிவிடலாம். இவற்றின் துல்லியத்தைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக ஒரு சமாதானம் வரும்: ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், நிறையக் கருவிகளை வைத்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும். இந்தச் சமாதானத்தை ஏற்க முடியாது. பிழை கண்டபடி சிதறினால்தான் சராசரியில் அது கரையும். மலிவு சென்சாரின் பிழையோ பருவத்தோடு சேர்ந்து நகர்கிறது. ஜனவரி இரவின் ஈரம் நூறு கருவிகளையும் ஒரே பக்கம் இழுக்கும்போது, நூறின் சராசரியும் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

காரணம் கருவியின் உள்ளேயே இருக்கிறது. ஒரு சின்ன மின்விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. லேசர் ஒளியின் குறுக்கே துகள் போகும்போது ஒளி சிதறுகிறது. பக்கவாட்டில் உள்ள ஒளியுணரி அந்த மினுக்கலைப் பிடிக்கிறது. ஆக, கருவி பார்ப்பது ஒளியை. திரையில் காட்டுவது எடையை. இடையில் இருப்பது ஓர் அனுமானம். குளிர்காலம் அந்த அனுமானத்தைத்தான் உடைக்கிறது. டெல்லிக் காற்றிலுள்ள நுண்துகளில் அம்மோனியம் உப்புகள் கணிசம். அம்மோனியம் சல்பேட் துகள், ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டியதும் தண்ணீரை உறிஞ்சி உப்புநீர்த் துளியாகிவிடும். 90 சதவீதத்தில் அதன் குறுக்களவு சுமார் 1.7 மடங்கு; கன அளவில் பார்த்தால் ஏறக்குறைய 5 மடங்கு. கூடியதெல்லாம் தண்ணீர். லேசருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அரசு நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவி, காற்று நுழையும் குழாயைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே எடையை அளக்கிறது. மலிவுக் கருவியில் அந்த ஏற்பாடு இல்லை. மூடுபனி இறங்கிவிட்டால் பனித்துளிகளையே அது மாசாக எண்ணிவிடவும் கூடும்.

இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். வெயில் ஏறியதும் நிலத்தை ஒட்டிய காற்றடுக்கு உயர்ந்து மாசு உண்மையாகவே நீர்க்கிறது. அதே நேரத்தில் துகள்கள் உலர்ந்து சுருங்குகின்றன. இரண்டும் ஒரே திசையில் நடப்பதால், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் உள்ள இடைவெளியை மலிவு சென்சார் பெரிதாக்கிக் காட்டுகிறது. “துல்லிய எண் வேண்டாம், ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதும்” என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பருவமும் பொழுதும் மாறும்போது அந்த ஏற்ற இறக்கமே கலப்படமாகிவிடுகிறது.

நாம் சுவாசிப்பது ஈரத்தோடு கூடிய துகளைத்தானே, அதையே அளந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், நம் சுவாசப் பாதையில் ஈரப்பதம் கிட்டத்தட்ட முழுமையானது. வறண்ட நாளில் உள்ளே போகும் துகளும் அங்கே போய்ப் பருக்கத்தான் செய்யும். அதோடு, பி.எம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பான கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது, உலர்த்தி எடை போடும் முறையைச் சார்ந்தது. தண்ணீரையும் சேர்த்து எடுத்த எண்ணை அந்த வரம்போடு ஒப்பிட்டு ஊரைப் பதறவைப்பது முறையல்ல.

ஈரப்பதத்தையும் அளந்து, சூத்திரம் போட்டுக் கழித்துவிடலாமே என்பது அடுத்த வாதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சார் கருவிகளுக்கு அப்படி ஒரு சூத்திரம் தந்திருக்கிறது: கருவி காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழித்து, ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டும். அங்கே நன்றாகவே பயன்படுகிறது. ஆனால், அது அமெரிக்காவின் 16 மாநிலக் காற்றிலிருந்து பிறந்த சூத்திரம். டெல்லியின் சரக்கு வேறு. சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே தலைமையில் 2021-இல் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, டெல்லித் துகள்கள் இவ்வளவு நீர் உறிஞ்சுவதில் குளோரைடுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறி, அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் படியும் குளோரைடு அது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பது அதற்கு ஒரு மூலம். அமெரிக்கச் சூத்திரத்துக்கு இந்தக் குளோரைடைப் பற்றி ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு, மின்சுற்றின் சூட்டால் பெட்டிக்குள் உள்ள காற்று வெளிக்காற்றைவிட வறண்டிருக்கும். கருவி சொல்லும் ஈரப்பதமே குறைவு.

கோடையில் தவறு தலைகீழாகிறது. ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதியில் பருமனான துகள்களே அதிகம். அவை அந்தச் சிறு விசிறியின் இழுப்புக்கு வளைந்து உள்ளே வருவதில்லை. வந்தாலும் எடைக்குத் தக்க ஒளியைச் சிதறடிப்பதில்லை. பல மலிவு சென்சார்கள் காட்டும் பி.எம் 10 எண், சிறு துகள்களை வைத்துப் பெரிய துகள்களை ஊகித்துப் போட்ட எண்தான். 2018 ஜூன் நடுவில் டெல்லியைப் புழுதி மூடி, கட்டுமான வேலைகளை நிறுத்தவேண்டி வந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் இந்தக் கருவியை நம்பி வெளியே வேலைக்குப் போகிறவர் ஏமாறுவார். கட்டடத் தொழிலாளிக்கும் சாலையோர வியாபாரிக்கும் இது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. அரசு நிலையம் ஒன்றின் செலவில் நூற்றுக்கணக்கான சென்சார்களை வைக்கலாம். நிலையமே இல்லாத சிற்றூர்களுக்கு வேறு வழியும் இல்லை. பிப்ரவரியில் இரண்டு வாரம் ஒப்பிட்டு எடுத்த திருத்தத்தை ஜூன் வரை இழுக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் சில சென்சார்களை அரசு நிலையத்தின் பக்கத்திலேயே ஆண்டு முழுவதும் நிறுத்திவைக்க வேண்டும். பனி, புழுதி, மழை, பயிர்க்கழிவுப் புகை என ஒவ்வொரு காலத்துக்கும் தனித் திருத்தம் அங்கிருந்து வர வேண்டும். வெளியிடும்போது கருவி காட்டிய எண், திருத்திய எண், அந்த நேரத்து வெளி ஈரப்பதம் மூன்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும். திருத்திய எண்ணை மட்டும் தந்தால், அதில் எந்தப் பருவத்துச் சூத்திரம் புகுந்தது என்று பின்னால் வரும் ஆய்வாளரால் கண்டுபிடிக்கவே முடியாது.