ஒரு கிலோ கறியும் ஆறு தட்டும்

கரக்பூரில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்பதை அறியப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. கோல் பஜாரின் கறிக்கடைகளுக்கு முன்னே நிற்கும் வரிசையைப் பார்த்தாலே போதும். வங்காளிகள், தெலுங்கர், பீகாரிகள், நம்மவர் எல்லோரும் கையில் பையுடன் நிற்கிறோம். கிலோ 800 ரூபாய் என்று கடைக்காரர் சொல்லும்போது எழுகின்ற பெருமூச்சுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை.

ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன் நான். குவார்ட்டர்ஸில் நாங்கள் ஆறு பேர்: தாயார், மனைவி, பத்து வயது மகள், ஏழு வயது மகன், வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி, நான். ஊரில் உள்ள வீட்டுக் கடனுக்கும் மாதந்தோறும் பணம் போகிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி, அதற்குமேல் இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கோழி மலிவாயிற்றே என்று அன்பர்கள் கேட்கலாம். பிராய்லர் கோழியை என் தாயார் தொடமாட்டார். "அது கோழியே இல்லை" என்பது அவருடைய தீர்ப்பு. அதன்மேல் அப்பீல் கிடையாது.

அந்த ஒரு கிலோவும் நெடுநாள் ஞாயிறு மத்தியானம் ஒரே வேளையில் தீர்ந்துகொண்டிருந்தது. பாதி குழம்பு, பாதி வறுவல். ஆண்பிள்ளைகளும் குழந்தைகளும் முதல் பந்தி. தாயாரும் மனைவியும் பிறகு. திங்கள் முதல் சனி வரை ரசம், மோர், உருளைக்கிழங்கு. இதில் ஏதோ பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி இருமுறை தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் குறையலாகாதாம். "மாமிசம் சாப்பிடுவதுண்டா?" என்று மருத்துவர் கேட்டார். "வாரந்தவறாமல் ஒரு கிலோ எடுக்கிறோம்" என்று நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். உடன் வந்திருந்த என் மகள், "அம்மா குழம்பு மட்டுந்தான் ஊற்றிக்கொள்வாள்" என்றாள். மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இந்திய அரசின் தேசிய குடும்பநல ஆய்வு 2019–21இல் நடந்தபோது, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டார்கள். இந்த எண்ணைச் செய்தித்தாளில் நானும் படித்திருக்கிறேன். அந்த 57 பேரில் ஒருத்தி என் வீட்டு அடுக்களையில் நிற்கிறாள் என்று மட்டும் தெரியாமற்போயிற்று.

அன்று மாலை, அலுவலகப் பழக்கத்தால், ஒரு கணக்குப் போட்டேன். எலும்போடு வாங்கும் ஒரு கிலோவில் ஏறக்குறையக் கால்பங்கு எலும்பு. எஞ்சிய 750 கிராம் சதை, வேகும்போது நீர் வற்றிச் சுமார் 500 கிராமாகச் சுருங்கும். ஆறு பேருக்குச் சமமாய்ப் பிரித்தால் தலைக்கு 80 கிராம். நாங்கள் நால்வரே அவ்வளவையும் தீர்த்திருந்தோம் என்றால் தலைக்கு 120 கிராமுக்குமேல் ஆகிறது. அதில் பாதியைத் தின்றிருந்தாலும் எங்களுக்கு எதுவும் குறைந்திராது.

மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. மாமிசத்தில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்கிறது. அதோடு, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும்படி செய்கிறது. எலுமிச்சையும் நெல்லியும் அதற்குத் துணை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதற்குப் பகை. எனவே ஒரே நாளில் கறியைக் குவித்து உண்பதைவிட, மூன்று நாள் பருப்போடும் காயோடும் கலந்து உண்பது மேல். சிக்கனத்துக்கும் உடல்நலத்துக்கும் ஒரே வழி இருப்பது வாழ்க்கையில் அடிக்கடி நேர்வதன்று. மாத்திரையும் எழுதிக்கொடுத்தார், அதை விட்டுவிட்டுக் கறியை மட்டும் நம்பலாகாது என்பதையும் சகோதரிகளுக்குச் சொல்லவேண்டும்.

இப்போது கடையிலேயே ஒரு கிலோவை மூன்றாகப் பிரித்து வாங்குகிறேன். கழுத்து, நெஞ்செலும்பு, நல்லி கலந்து அரைக் கிலோ. தொடைக்கறி கால் கிலோ. கைமா கால் கிலோ. கைமாவைக் கொத்தும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கொத்திய கறி சீக்கிரம் கெடும். வீட்டுக்கு வந்ததும் ஐஸ் அறையில் வைத்துவிடவேண்டும். வெளியில் எடுத்து ஒருமுறை இளகவைத்ததைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

ஞாயிறன்று எலும்புக்கறி முழுவதையும் மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் குக்கரில் தாராளமான நீர் விட்டு வேகவைக்கிறோம். சாற்றில் பாதியும், சதைப்பற்றுள்ள துண்டுகளும் அன்றைய குழம்புக்கு. இதில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் சேர்கின்றன. உருளைக்கிழங்கு விஷயத்தில் எங்கள் ஆசிரியை பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா. கிழங்கை இரண்டாக மட்டும் பிளந்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பிறகு குழம்பில் இடவேண்டும். அப்போதுதான் கரையாமல் நின்று கறியின் சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர்கள் வீட்டில் கறித்துண்டுக்கு நடக்காத சண்டை கிழங்குக்கு நடக்கும்! 1856இல் கல்கத்தா மேட்டியாபுரூஸில் குடியேறிய அயோத்தி நவாபின் அடுக்களையில், செலவைக் குறைக்கவே பிரியாணியில் உருளைக்கிழங்கு புகுந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அந்நாளில் உருளைக்கிழங்கே மலிவில்லை என்று மறுப்பாரும் உண்டு. எப்படியாயினும் கிழங்கு வென்றுவிட்டது.

மீந்த சாறும் எலும்பும் செவ்வாய்க்கிழமைத் தால்ச்சாவுக்கு. ஆறிய உடனே குளிர்பெட்டிக்குள் வைத்து, செவ்வாயன்று நன்றாகக் கொதிக்கவைத்துக்கொள்ள வேண்டும்; கரக்பூர்க் கோடையில் இரண்டு மணி நேரம் வெளியில் இருந்த சாற்றை நம்பக் கூடாது. தால்ச்சா என்பது நம் நாட்டு முஸ்லிம் சகோதரர்களின் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் துணையாக வருவதை அறிவீர்கள். கடலைப்பருப்பும் துவரம்பருப்புமாக 200 கிராம், நான்கு கத்திரிக்காய், ஒரு துண்டு மாங்காய் அல்லது கொஞ்சம் புளி. எலும்பில் ஒட்டியிருக்கும் சதை மிகச் சொற்பம்தான். ஆனால் சாறு பருப்புக்குள் இறங்கிவிடுவதால், கறியில்லாத உணவு என்று என் மகனே சொல்வதில்லை. தெலுங்கு நண்பர் ஒருவர் வீட்டில் பருப்புக்குப் பதில் புளிச்சகீரையைச் சேர்க்கிறார்கள். அதுவும் உத்தமம்.

வியாழன்று கோலா உருண்டை. ஊரில் பொட்டுக்கடலையைப் பொடித்துச் சேர்ப்பது வழக்கம். இங்கே அதைத் தேடி அலைய வேண்டியதில்லை; வறுத்த கடலையை அரைத்த சத்து மாவு மூலைக்கு மூலை கிடைக்கிறது. கால் கிலோ கைமாவுக்கு 75 கிராம் சத்து, வெங்காயம், தேங்காய், சோம்பு, மிளகாய். நெல்லிக்காய் அளவில் உருட்டினால் 24 உருண்டைகள் வரும். ஆளுக்கு நான்கு, எண்ணிக்கொடுக்கலாம். கறித்துண்டில் பெரிது சிறிது உண்டு; உருண்டையில் அந்த வழக்கு எழாது. மாவு கூடினால் உருண்டை வாயில் அடைக்கும் என்பதை இரண்டு வாரம் அனுபவித்து அறிந்தோம்.

தொடைக்கறி கால் கிலோ சனிக்கிழமைக்கு. அதையும் ஞாயிறன்றே ஐஸ் அறையில் வைத்துவிடுகிறோம். சிறு துண்டுகளாக நறுக்கி வாழைக்காயோ சேனையோ சேர்த்து வறுவல். கறி முற்றலாயிருந்தால் பச்சைப் பப்பாளியைத் துருவி அரை மணி நேரம் பிசறிவைத்தால் மெத்தென்று ஆகும். இதுவும் மாசிமாவின் உபயம்.

இவையன்றி, ஒரு சிறு பொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். சுவரொட்டி. ஆட்டுக்கு ஒன்றுதான் உண்டு, இரும்புச்சத்து மிகுந்தது. இரத்தம் குன்றிய பெண்களுக்கு நம் பாட்டிமார் அதைச் சுட்டுக் கொடுத்தது வெறும் நம்பிக்கையன்று. இங்குள்ள கடைக்காரருக்குச் சுவரொட்டி என்றால் விளங்காது. 'தில்லி' என்று கேட்கவேண்டும். முதல்முறை கேட்டபோது வரிசையில் பின்னால் நின்ற நம்மவர் ஒருவர், "தலைநகரத்துக்கு டிக்கெட் இந்தக் கடையிலா கொடுக்கிறார்கள்?" என்றார்.

என் தாயார் ஊரிலிருந்த காலத்தில் கறியை உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, உப்புக்கண்டம் போடுவார். இங்கே மார்கழி, தை மாதங்களின் வறண்ட வெயிலில் ஒருமுறை செய்து பார்த்தோம். காக்கை பாதியைக் கொண்டுபோயிற்று.

நிற்க. சமைக்கும் முறையை மாற்றுவது சுலபமாயிருந்தது. பரிமாறும் முறையை மாற்றுவதுதான் கடினம். நான் அடுக்களைக்குள் நுழைந்து, யாரும் உட்காருமுன்பே ஆறு தட்டிலும் கறியைப் போட்டு வைத்தபோது தாயார் முகம் சுளித்தார். "ஆம்பிளை கரண்டி பிடிக்கிற வீடு விளங்குமா தம்பி?" என்றார். "மீதமிருந்தா நாங்க சாப்பிட்டுக்குவோம்" என்றும் சொன்னார். மீதமே இருந்ததில்லை என்பதை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவர் அவர்தாம். மனைவியோ முதல் சில வாரங்கள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை மெதுவாக மகனின் தட்டுக்கு நகர்த்துவாள். மகள் காவலுக்கு இருக்கிறாள். "அம்மா, கணக்கு தப்புது" என்று சத்தமிடுவாள். அவள் என்னைவிட நல்ல குமாஸ்தா.

முன்னறிவிப்பில்லாமல் விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். சென்ற மாதம் தம்பி இரண்டு நண்பர்களை அழைத்துவந்தபோது விடை கிடைத்தது. தால்ச்சாவில் ஒரு கைப்பிடிப் பருப்பும் இரண்டு கத்திரிக்காயும் கூடின. 1,072 மீட்டர் நீளப் பிளாட்பாரத்தை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த ஊர் இது; நீட்டுவது எங்களுக்குப் புதிதா என்ன?

ஐந்து மாதங்களுக்குப் பின் சோதித்தபோது மனைவியின் ஹீமோகுளோபின் 11.4. இன்னும் போதாதென்று மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். தலைசுற்றல் நின்றுவிட்டது. தாயாருக்கும் சோதிக்கலாம் என்றேன். ஊசிக்குப் பயந்து மறுத்துவிட்டார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது வாசல்வரை வந்து, "நல்லி எலும்பு ரெண்டா வாங்கு தம்பி. ஒண்ணு என் தட்டுல போடு" என்றார்.