முற்றத்துப் பூவுக்கு மதிப்பெண்

ஓர் ஊரிலோ தெருவிலோ உள்ள வீடுகளின் முற்றத்தையும் மாடியையும் நடுவர்கள் நேரில் போய்ப் பார்த்து, அங்கே வளரும் பூச்செடிகளுக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு தருவது வீட்டுப் பூந்தோட்டப் போட்டி. மலர்க் கண்காட்சிக்குச் செடியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இதில் நடுவர் செடி இருக்கும் இடத்துக்கு வருகிறார். நன்றாகப் பூத்த ஒரு தொட்டியை மட்டும் முன்னால் வைத்துத் தப்பிக்க முடியாது. மண், பாத்தி, தண்ணீர் வடியும் வழி, மூலையில் வாடிக் கிடக்கும் செடி எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் ஊட்டி என்ற உதகமண்டலம். வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்து உருவாக்கிய தாவரவியல் பூங்காவில் 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கியது. 2023-இல் நடந்தது 125-ஆவது கண்காட்சி. மே மாதக் கண்காட்சியையொட்டித் தோட்டக்கலைத் துறை நீலகிரியில் தோட்டப் போட்டிகளை நடத்துகிறது. தோட்டம் வைத்திருப்போர் விண்ணப்பிக்க, நடுவர் குழு போய்ப் பார்க்கிறது, பெரிய தோட்டமும் சிறிய தோட்டமும் தனித்தனிப் பிரிவில் போட்டியிடுகின்றன, வென்றவர்களுக்குச் சுழற்கோப்பை. பிரிவு பிரிப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அது இல்லையென்றால் ஆண்டுதோறும் பங்களாக்காரரே கோப்பையை எடுத்துப்போவார். பெங்களூரு லால்பாகில் குடியரசு நாள், சுதந்திர நாளையொட்டி நடக்கும் கண்காட்சிகளுக்கு முன்பும் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி வைக்கும் வழக்கம் உண்டு.

பிரிட்டனில் போட்டி வீட்டைத் தாண்டி ஊருக்கே போனது. பிரான்சில் 1959 முதல் ஊர்களைப் பூக்களால் அலங்கரிக்கும் போட்டி நடப்பதைப் பார்த்துவந்த ராய் ஹே என்ற தோட்டக்கலை எழுத்தாளரின் யோசனையில், 1960-களின் தொடக்கத்தில் ‘பிரிட்டன் இன் புளூம்’ பிறந்தது. 2002 முதல் அரச தோட்டக்கலைக் கழகம் அதை நடத்துகிறது. பூவின் அழகோடு, சுற்றுச்சூழல் பொறுப்புக்கும் ஊரார் பங்கேற்புக்கும் சேர்த்தே அங்கே மதிப்பெண். தனி ஒருவர் பணம் போட்டு ஆள் வைத்து அழகுபடுத்திய தெரு அதில் எளிதாக ஜெயித்துவிட முடியாது.

வறண்ட ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்கவேண்டியது ஸ்பெயினின் கோர்டோபா நகரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தும் ஊர் அது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள், முற்றத்தில் ஒரு கிணறு, ஒரே வீட்டில் பல குடும்பங்கள் என்பது அங்கே பழைய வாழ்க்கைமுறை. வெள்ளையடித்த சுவரில் வரிசை வரிசையாகத் தொட்டிகளை மாட்டிச் செடி வளர்ப்பார்கள். உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு நீண்ட கழியின் முனையில் கட்டிய டப்பாவால்தான் தண்ணீர். நகராட்சி 1921-இல் இந்த முற்றங்களுக்குப் போட்டி வைத்தது. நடுவே சில ஆண்டுகள் தடைபட்டாலும் போட்டி நிலைத்துவிட்டது. மே மாத முதற்பாதியில் வீட்டுக் கதவுகள் திறந்திருக்கும்; முன்பின் தெரியாதவர்களும் உள்ளே வந்து பார்த்துப் போகலாம். பழைய கட்டட முற்றங்களுக்கும் புதியவற்றுக்கும் தனித்தனிப் பரிசு. 2012-இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

எந்தப் போட்டியானாலும் தோட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண் தாள்தான். பூக்களின் எண்ணிக்கைக்கு அதிக மதிப்பெண் என்றால், முதல் நாள் மாலை நர்சரியிலிருந்து பூத்த செடிகள் வேனில் வந்து இறங்கும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. தொட்டியை லேசாகச் சாய்த்தால் வேர் மண்ணைப் பற்றியிருக்கிறதா, நேற்று நட்டதா என்று தெரிந்துவிடும். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்பது இன்னும் நல்லது. நடுவர்கள் வேறு தெருக்காரர்களாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். உள்ளூரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் இப்படி ஒரு போட்டி வைப்பதானால் ஊட்டியின் மதிப்பெண் தாளை அப்படியே கொண்டுவர முடியாது. இது மிளகாயும் உளுந்தும் மல்லியும் கம்பும் விளையும் கரிசல் காடு. மாவட்டத்தின் ஆண்டு மழை 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பகுதியும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் சிறுவேர்கள் அறுபடும்; அடைமழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். போதாக்குறைக்கு மண்ணில் சுண்ணாம்பு அதிகம். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டாது. ரோஜாவும் இட்லிப்பூவும் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக நிற்பது இதனால்தான். உவர்ப்பான ஆழ்துளைத் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

செம்மண், மணல், மட்கிய தொழு உரம் கலந்த தொட்டியும், மேட்டுப்பாத்தியும் இதற்குக் கைகொடுக்கும். பெயிண்ட் வாளியும் ஓட்டைக் குடமும் கூடத் தொட்டிதான். அடியில் துளை இருந்தால் போதும். அரளி, காகிதப்பூ, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, மேசை ரோஜா ஆகியவை வெயிலுக்கு அஞ்சாதவை. புரட்டாசியில் விதைத்த கேந்தியும் கோழிக்கொண்டையும் மழையில் வளர்ந்து மார்கழியில் பூத்து நிற்கும். ஆகவே இங்கே போட்டிக்கு ஏற்ற மாதம் மே அல்ல, மார்கழி. மார்கழிக் கோலப் போட்டிக்காகத் தெருத்தெருவாக நடுவர்கள் நடக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கோலத்தில் பூசணிப்பூ வைக்கும் அதே வாசலில், இரண்டடி தள்ளி இருக்கும் செடியையும் பார்த்துவிட்டுப் போவதில் சிரமம் ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது தண்ணீர்க் கணக்கு. கோடையில் ஒரு நடுத்தரத் தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டராவது வேண்டும். முப்பது தொட்டி என்றால் இரண்டு குடம். குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருவில் இரண்டு குடம் என்பது யாரோ ஒருவர் இடுப்பில் சுமந்து வருவது, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை அப்படியே ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் கரிசலுக்கு ஆகாது, ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணை அது மேலும் கெடுக்கும். தொட்டியின் மேல் கடலைத்தோடோ காய்ந்த இலையோ பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. இந்தச் சிக்கனத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டும். அதுவும் பூவின் எண்ணிக்கைக்குத் தருவதைவிடக் கூடுதலாக. இல்லாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்க வசதியுள்ள வீடுதான் ஜெயிக்கும்.

போட்டி நடத்த நினைக்கும் தெருக்காரர்களும் பள்ளிக்கூடத்தாரும் ஆடி மாதமே மதிப்பெண் தாளை எழுதி ஊருக்கு அறிவித்துவிடவேண்டும். அப்போதுதான் புரட்டாசி விதைப்புக்கு முன்பு வீடுகள் தயாராக முடியும்.