படத்தினுள் மறைந்திருக்கும் எழுத்து

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோர், நூல் முடிந்தபின் கடைசி ஏட்டில் சில வரிகள் எழுதி வைப்பதுண்டு. இன்ன ஆண்டு, இன்ன திங்களில், இன்ன ஊரில், இன்னார் எழுதி முடித்தது என்று அவ்வரிகள் கூறும். நூற்பொருளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை; ஆயினும் சுவடியின் காலத்தையும் இடத்தையும் ஆராய்வார்க்கு அவை பெருஞ் சான்றாகும். இக்காலத்துக் கைப்பேசியால் எடுக்கப்படும் படம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இத்தகைய குறிப்பு ஒன்று அமைந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றே. சுவடி எழுதியவர் தாம் விரும்பி எழுதினார். படம் எடுப்பவரோ, தம் கருவி அதனை எழுதுகிறது என்பதையே பெரும்பாலும் அறியார்.

கணினித் துறையினர் இக்குறிப்பினை மீத்தரவு என வழங்குவர். இக்கட்டுரையில் எளிமை கருதி உட்குறிப்பு என்றே கூறுவோம். அதனைப் படிக்கவும், வேண்டாதபோது நீக்கவும், வேண்டியபோது நாமே எழுதவும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, பொங்கல் விழா என்று நாள்தோறும் மாணவர் படங்களை எடுப்பவரும் அனுப்புபவரும் நாமே அல்லவா?

ஒரு படம் காட்டிக்கொடுத்த கதை

உட்குறிப்பின் ஆற்றலை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று 2012 ஆம் ஆண்டில் நடந்தது. கணினி நச்சு நிரல்களைத் தடுக்கும் மென்பொருளால் பெரும் பொருளீட்டிய ஜான் மெக்காஃபி, அப்போது நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டில் வாழ்ந்துவந்தார். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய அண்டை வீட்டார் கொலையுண்டு கிடந்தார். விசாரணைக்காகக் காவலர் மெக்காஃபியைத் தேடினர், அவரோ தலைமறைவானார். டிசம்பர் 3 ஆம் நாள், அவருடன் பயணம் செய்த ‘வைஸ்’ இதழார் தம் செய்தியாசிரியரும் அவரும் நிற்கும் படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டனர். எந்த ஊர் என்று அவர்கள் ஓரெழுத்தும் எழுதவில்லை. ஆனால் படம் ஐஃபோனில் எடுக்கப்பட்டது. அதன் உட்குறிப்பில் அகலாங்கும் நெட்டாங்கும் அப்படியே இருந்தன. படத்தை இறக்கி அதனைப் படித்தவர்கள், மெக்காஃபி எல்லை தாண்டிக் குவாத்தமாலா நாட்டில் ரியோ டல்சே என்னும் இடத்தருகே இருக்கிறார் என்று உடனே கூறிவிட்டனர். இரண்டு நாள் கழித்து, முறையின்றி நாட்டுக்குள் நுழைந்தார் என்று குவாத்தமாலாவில் அவர் பிடிக்கப்பட்டார்.

இன்னொன்றும் உண்டு. 2007 இல் ஈராக்கில் புதிதாக வந்திறங்கிய ஹெலிகாப்டர்களைப் படைவீரர் சிலர் படமெடுத்து இணையத்தில் இட, அப்படங்களிலிருந்து இடத்தைக் கணித்த எதிரிகள் குண்டெறிந்து 4 ஹெலிகாப்டர்களை அழித்தனர் என்று அமெரிக்க இராணுவமே 2012 இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. படைவீரருக்கே இந்நிலை எனின், எட்டு வயதுச் சிறுமியின் படத்தை அவள் வீட்டு வாசலில் எடுத்து எல்லார்க்கும் அனுப்புகிறவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எங்கே இருக்கிறது இக்குறிப்பு?

இதனை எம் பள்ளியில் விளக்கியபோது ஓர் ஆசிரியை, “சார், படத்தில் கண்ணுக்குத் தெரியாதது படத்துக்குள் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. விடை இதுதான்: நாம் காண்பது படம், கணினி வைத்திருப்பது கோப்பு. கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நெடிய வரிசை. அவ்வெண் ஒவ்வொன்றும் ஒரு பைட். வரிசையில் ஒரு பகுதி வண்ணங்களைக் கூறும். மற்றொரு பகுதி உட்குறிப்பைத் தாங்கும். படம் காட்டும் மென்பொருள் பின்னதை எடுத்து நமக்குக் காட்டுவதில்லை, அவ்வளவே.

ஜேபெக் வகைப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் இரு பைட்டுகள் எப்போதும் 255, 216. கைப்பேசிப் படமாயின் அடுத்துப் பெரும்பாலும் 255, 225 என்னும் இரண்டு வரும். ‘இங்கே உட்குறிப்பு தொடங்குகிறது’ என்பதற்கு அது அடையாளம். அதன்பின் உட்குறிப்பின் நீளம் இரண்டு பைட்டில் எழுதப்படும். இரண்டு பைட்டில் எழுதக்கூடிய பேரெண் 65,535. ஆதலின் இப்பகுதி ஒன்று அவ்வளவுக்குமேல் நீளாது. நீளத்தை அடுத்து ‘எக்சிஃப்’ என்னும் பெயரின் ஆங்கில எழுத்து நான்கும் இரண்டு சுழிகளும் நிற்கும். எக்சிஃப் என்பது 1995 இல் ஜப்பானிய மின்னணுத் தொழிற்சங்கம் ஒன்று வகுத்த விதி. எந்நிறுவனத்தார் செய்த காமிராவும் ஒரே முறையில் குறிப்பெழுத வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அடுத்து வருவது சுவையான செய்தி. ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்து இருமுறையோ, ‘எம்’ என்னும் எழுத்து இருமுறையோ நிற்கும். எண்களை எத்திசையில் படிப்பது என்பதற்கான குறி அது. 258 என்னும் எண்ணை இரண்டு பைட்டில் எழுதுவதாகக் கொள்வோம். ஒரு 256, மேலும் 2. ஆகவே 1, 2 என்று எழுதலாம். பெரிய இடத்தை முதலில் வைத்த இம்முறைக்கு ‘எம்’ குறி. 2, 1 என்று சிறிய இடத்தை முதலில் வைத்தும் எழுதலாம். அதற்கு ‘ஐ’ குறி. குறியை நோக்காது படித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். இடமதிப்பைக் கற்பிக்கும் கணக்காசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னர் வருவது ஓர் அட்டவணை. நம் வருகைப் பதிவேட்டைப் போன்றது அது. ஒவ்வொரு வரிக்கும் சரியாக 12 பைட்டுகள். முதல் 2, இது எதைப் பற்றிய குறிப்பு என்னும் எண். அடுத்த 2, எழுத்தா, எண்ணா, பின்னமா என்னும் வகை. அடுத்த 4, எத்தனை என்னும் தொகை. கடைசி 4, மதிப்பு. 271 என்றால் கருவி செய்த நிறுவனம். 272 என்றால் கருவியின் மாதிரி. 36867 என்றால் படம் எடுத்த நாளும் நேரமும். நாளையும் நேரத்தையும் எழுத 20 பைட்டுகள் வேண்டும். 4 பைட்டுக்குள் அவை அடங்கா. அவ்வாறு அடங்காதபோது, மதிப்புக்குப் பதிலாக, அது மேற்கூறிய திசைக்குறி தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை பைட்டு தள்ளி இருக்கிறது என்னும் எண்ணை அங்கே எழுதுவர். ‘விரிவு, பக்கம் இத்தனையிற் காண்க’ என்று நூல்களில் எழுதுவது போன்ற முறை இது. 34853 என்னும் வரியும் அவ்வகைத்தே. அது இடக்குறிப்புக்கெனத் தனியே உள்ள மற்றோர் அட்டவணைக்கு வழிகாட்டும்.

அந்த அட்டவணையில் பாகை, கலை, விகலை மூன்றும் பின்னங்களாக எழுதப்பட்டிருக்கும். மெக்காஃபி படத்தில் வடக்கு 15 பாகை 39 கலை 29.4 விகலை என்றிருந்தது. கலையை 60 ஆலும் விகலையை 3,600 ஆலும் வகுத்துக் கூட்டினால் 15.65817 பாகை ஆகும். அகலாங்கில் ஒரு விகலை என்பது நிலத்தில் ஏறக்குறைய 31 மீட்டர். ஆதலின் இக்குறிப்பு ஊரை மட்டும் கூறுவதன்று, வீட்டையே சுட்டவல்லது. வானத்திற் செல்லும் துணைக்கோள்களைக் கொண்டு கணிக்கும் கருவி சில மீட்டர் தவறலாம் என்பது உண்மையே. அதனால் நமக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

கட்டளையிட்டுப் படித்தல்

இதனைப் படிக்கப் பல வழிகள் உண்டு. கணினியில் படத்தின் பண்புகளைத் திறந்தால் சில செய்திகள் தெரியும், எல்லாம் தெரியா. படத்தை அனுப்பினால் படித்துச் சொல்கிறோம் என்னும் இணையத்தளங்களும் உள. மாணவர் படத்தில் இடக்குறிப்பு இருக்கிறதா என்று அறிய, அப்படத்தையே முன்பின் அறியாதார்க்கு அனுப்புவது நகைப்புக்குரியது. ஆகவே நம் கணினியிலேயே கட்டளை எழுதிப் படிப்பதுதான் சிறந்தது.

இதற்கெனக் கனடா நாட்டினரான ஃபில் ஹார்வி என்பார் 2003 முதல் ஆக்கி வளர்த்துவரும் ‘எக்சிஃப்டூல்’ என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதனை நிறுவியபின், விண்டோசில் கமாண்ட் பிராம்ட், மேக்கில் டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். கருவியின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, படக் கோப்பை எலியால் இழுத்து அச்சாளரத்தில் விடுக. கோப்பின் முழு முகவரியும் தானே எழுதப்படும். பிறகு நுழைவு விசையைத் தட்டினால், இடப்பக்கம் குறிப்பின் பெயரும் வலப்பக்கம் அதன் மதிப்புமாகப் பட்டியல் ஓடிவரும். ஒரு படத்துக்கு நூறு வரிக்கு மேல் வருவதும் உண்டு.

இடக்குறிப்பு மட்டும் போதுமென்றால், கருவியின் பெயருக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவே ஒரு சிறுகோடு, உடனே ‘ஜிபிஎஸ்’, பின் முக்காற்புள்ளி, பின் ‘ஆல்’ என்று இடைவெளியின்றி எழுதுக. விடையாக எதுவும் வராவிடில் இடக்குறிப்பு இல்லை என்று கொள்ளலாம். கோப்பின் இடத்தில் கோப்புறையை இழுத்து விட்டால், அதிலுள்ள படங்கள் அனைத்தும் ஒரே கட்டளையில் சோதிக்கப்படும். விளையாட்டு விழாப் படம் முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர்க்குக் கட்டளையின் அருமை அப்போது விளங்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, உட்குறிப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறுபடம். பெரிய படத்தை விரைவில் காட்டுவதற்காகக் கருவியே அதன் சிற்றுரு ஒன்றை உள்ளே வைக்கிறது. பெரிய படத்தில் ஒரு குழந்தையின் முகத்தை வெட்டியோ மறைத்தோ சேமிக்கும்போது, சில மென்பொருள்கள் சிறுபடத்தை மாற்றாமல் விட்டுவிடும். வெளியே மறைத்த முகம் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும்.

சான்றும் ஐயமும்

உட்குறிப்பில் இருப்பதெல்லாம் உண்மை என்று கொள்ளலாமா? ஆகாது. இடம் வெளிப்பட்டதும் மெக்காஃபி, அக்குறிப்பைத் தாமே பொய்யாக மாற்றியதாகக் கூறினார். பின்னர் அது மெய்யே என்று ஒப்புக்கொண்டார். அவர் கூற்று பொய்யாயினும், அவ்வாறு மாற்ற முடியும் என்பது மெய். படிக்கும் கருவியே எழுதவும் வல்லது. கருவியின் கடிகாரம் தவறாயின் நாளும் தவறும். மேலும், எந்நாட்டு நேரம் என்பதைக் குறிக்க எக்சிஃப் விதியில் 2016 வரை இடமே இல்லை. உட்குறிப்பு ஒரு சாட்சி. சாட்சியை விசாரித்தே தீர்ப்புக் கூற வேண்டும். மாணவர் கொணரும் ஆய்வேட்டுப் படத்துக்கும் இது பொருந்தும்.

நீக்குதலும் எழுதுதலும்

இடக்குறிப்பை நீக்க, மேற்கூறிய கட்டளையில் ‘ஆல்’ என்பதன்பின் சமக்குறி ஒன்று சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் நீக்க விரும்பினால், சிறுகோடு, ‘ஆல்’, சமக்குறி என்று மட்டும் எழுதுக. மாற்றாத மூலத்தை வேறு பெயரில் அருகிலேயே கருவி காத்துவைக்கும். நீக்கிவிட்டோம் என்றெண்ணி அதனையும் சேர்த்து அனுப்பிவிடலாகாது. அன்றியும், படத்தை எப்படி நிமிர்த்துவது என்னும் குறிப்பும் உட்குறிப்பைச் சேர்ந்ததே. முற்றும் நீக்கினால் சில படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து தோன்றும். ஆதலின் இடக்குறிப்பை மட்டும் நீக்குவதே பெரும்பாலும் தக்கது. கைப்பேசியில் காமிராவுக்கு இட அறிவிப்பு உரிமையை மறுத்துவிட்டால், தொடக்கத்திலேயே அக்குறிப்பு எழுதப்படாது.

வாட்சாப்பில் படமாக அனுப்பும்போது இக்குறிப்புகள் பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. தெளிவு குன்றாமலிருக்க ‘ஆவணம்’ என்று அனுப்பினால் அனைத்தும் அப்படியே செல்லும். மின்னஞ்சலில் இணைத்தாலும் அவ்வாறே.

ஆயினும் உட்குறிப்பு முற்றிலும் பகையன்று. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாயின. பழைய ஆலயத் திருவிழா, பால்மரக் காட்டு வேலை, பழைய பள்ளிக்கட்டடம் ஆகியவற்றின் படங்களை இன்று பலர் கணினியில் ஏற்றுகின்றனர். நன்முயற்சியே. ஆனால் படத்திலிருப்பவர் யார், எந்தத் தோட்டம், எவ்வாண்டு என்பதை அறிந்த முதியோர் மறைந்தபின் அப்படங்கள் ஊமையாகிவிடும். பின்புறத்தில் மையால் எழுதிய குறிப்பு கணினிப் படத்தோடு வாராது. அக்குறிப்பையும் படத்தினுள்ளேயே எழுதி வைத்தால், கோப்பு எங்கே சென்றாலும் அதுவும் உடன்செல்லும்.

இதனைத் தமிழிலேயே எழுதலாம். எக்சிஃப் விதியின் எழுத்துக் குறிப்புகளுள் பல நெடுங்காலம் ஆங்கில எழுத்துக்கே இடந்தந்தன. 2023 இல் வந்த மூன்றாம் பதிப்பே ஒருங்குறிக்கு வழிவிட்டது. ஆனால் அடோபி நிறுவனத்தார் 2001 இல் வகுத்த ‘எக்ஸ்எம்பி’ என்னும் முறை தொடக்கமுதலே ஒருங்குறியில் அமைந்தது. அதன் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்னும் விவரப் பகுதியில் பெயர், தோட்டம், ஆண்டு, கூறியவர் யார் என்பவற்றைத் தமிழில் எழுதிச் சேமிக்கலாம். எக்சிஃப்டூல் அதனை எழுதவும் படிக்கவும் வல்லது.

ஆகவே ஆசிரியர் செய்ய வேண்டுவன இரண்டு. வாழும் குழந்தையின் படத்தை வெளியே அனுப்புமுன், அதில் உள்ள இடக்குறிப்பை நீக்குக. மறைந்துவரும் ஊரின் படத்தைச் சேமிக்குமுன், அதில் இல்லாத குறிப்பை எழுதுக. எதை மறைப்பது, எதைக் காப்பது என்று பகுத்தறியும் பொறுப்புக் கருவிக்கு இல்லை, அது நம்முடையது. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, தம் கைப்பேசியிலுள்ள ஒரு படத்தையேனும் ஆசிரியப் பெருமக்கள் படித்துப் பார்ப்பார்களாக.