வயலுக்கு வரும் பறவைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

நடவுக்குச் சேற்றுழவு ஓட்டும் நாளில் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் கூட்டமாக வருவதைப் பார்க்காத விவசாயி இல்லை. நமக்குப் பழகிய காட்சி என்பதால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விடுமுறையில் உங்களோடு வயலுக்கு வரும் மகளிடமோ மகனிடமோ, "அதில் எத்தனை வகைக் கொக்கு இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். பறவை பார்க்கக் கற்றுத்தர இதைவிட எளிய தொடக்கம் கிடையாது. பைனாகுலரும் தேவையில்லை, சரணாலயத்துக்குப் பஸ் ஏறவும் தேவையில்லை.

உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சளாக இருக்கும். அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக்கொக்கு. வரப்போரம் மண் நிறத்தில் குறுகி நின்று, பறக்கும்போது திடீரென வெள்ளை இறக்கை காட்டுவது மடையான். உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளி, பூச்சிகளைத் தேடி மாட்டின் பின்னால் நடக்கும். சின்னக்கொக்கு தண்ணீரில் மீனையும் தவளையையும் விரட்டிப் பிடிக்கும். மடையான் அசையாமல் காத்திருந்து கொத்தும். நத்தைகுத்தி நாரை வந்தால் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள். நத்தையைப் பிடித்து உண்ணும் அந்த நாரைக்கு மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இளம் நாரைக்கு அது இருக்காது.

பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மனப்பாடம் பள்ளியிலேயே போதுமான அளவு நடக்கிறது. கரிச்சானை உங்கள் ஊரில் இரட்டைவால் குருவி என்றால் அப்படியே எழுதட்டும். பெயரைவிட, அது என்ன செய்தது என்பதே முக்கியம். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் போதும். நோட்டில் தேதி, பயிரின் வயது, பறவை, எண்ணிக்கை, என்ன தின்றது என்று எழுதச் சொல்லுங்கள். பயிரின் வயதை எழுதாத குறிப்பு விவசாயிக்குப் பயன்படாது. அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கொண்டைக்கடலை, துவரை, பருத்தி போட்டிருந்தால் பறவைத் தாங்கி நடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். பயிரைவிடச் சற்று உயரமான குச்சியின் தலையில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் ஆயிற்று. ஏக்கருக்கு 20 வரை நடலாம். கரிச்சானும் மைனாவும் அதில் உட்கார்ந்து காய்ப்புழுவையும் பூச்சிகளையும் பிடிக்கும். ஒரு தாங்கியில் 15 நிமிடத்தில் எத்தனை முறை கரிச்சான் இறங்கி ஏறுகிறது என்று எண்ணும் பிள்ளைக்கு, ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. நெல்லிலும் தானியப் பயிர்களிலும் கதிர் பால் பிடிக்கும் முன் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கு நாமே ஆசனம் போட்டது போலாகும்.

கடலை விதைத்து மயிலிடம் பறிகொடுத்த விவசாயியிடம், "பறவைகள் எல்லாம் உங்கள் நண்பர்கள்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. மயில் கிளறியதையும், கிளி சோளக்கதிர் தின்றதையும், சில்லைக் கூட்டம் நெல்லில் விழுந்ததையும் பிள்ளையின் நோட்டில் மறைக்காமல் எழுத வேண்டும். எந்தப் பருவத்தில், எந்த மூலையில், எந்த நேரத்தில் இழப்பு என்று தெரிந்தால், நாள் முழுவதும் வயலில் நின்று கத்த வேண்டியிருக்காது.

அதே நோட்டில் மருந்தடித்த தேதியும் இருக்கட்டும். "மருந்தடிச்சப்புறம் கொக்கு ஏம்ப்பா வரலை?" என்று ஒருநாள் பிள்ளை கேட்கும். இரை செத்துப்போனால் இரை தேடி வருபவை எப்படி வரும்? இலையில் நாலு புழுவைப் பார்த்ததும் மருந்துக்கடைக்கு ஓடும் நாம், பொருளாதார சேத நிலையை எட்டிவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது அபூர்வம். எண்ணப் பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கேள்வி வீட்டிலேயே எழும். மருந்தடித்த வயலில் சில நாட்களுக்குப் பிள்ளைகளை இறக்காதீர்கள். செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொடவும் விடாதீர்கள்.

கோடையுழவின்போது "தித்தித்தூ" என்று கத்தியபடி ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் சுற்றினால், பக்கத்தில் அதன் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். கூடு என்று ஒன்றும் இருக்காது. வெறும் தரையில், கூழாங்கல்லோடு கலந்து தெரியும் நான்கு முட்டைகள். பிள்ளைகள் நான்கு குச்சி நட்டு அடையாளம் வைக்கட்டும். அந்த இரண்டடியை விட்டு ஏர் ஓட்டுங்கள். ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே நடந்துவிடும்.

கவட்டையால் குருவி அடிப்பதும், கிளியைக் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சட்டமாகச் சொல்வதைவிட வேடந்தாங்கல் கதையாகச் சொல்லுங்கள். அங்கே வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால் ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு யோசனை. உழவர் வயல்வெளிப் பள்ளி நடக்கும் ஊரில், ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு விவசாயிகளோடு அவர்கள் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் பூச்சி எண்ணட்டும், பிள்ளைகள் பறவை எண்ணட்டும். இரண்டையும் ஒரே சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். பொங்கல் நான்கு நாட்களும் தமிழகம் முழுவதும் ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 15 நிமிடம் பார்த்து, இ-பேர்டு செயலியில் பதிவு செய்தால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கணக்கும் அதில் சேரும். ஊருக்கு ஒரு ஸ்மார்ட்போன் போதும். அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் வயல்களில் பனங்காடையும் தகைவிலானும் எளிதில் கண்ணில் படும் நேரம் அது.