வேருக்கும் விடிந்தது தெரியும்!

சென்ற மாதம் குடும்பத்தோடு சித்தன்னவாசல் போயிருந்தோம். அறிவர் கோயில் விதானத்தில் 9-ம் நூற்றாண்டு ஓவியம். தாமரைக் குளம், அதில் மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த என் சின்னவன், "விடிஞ்சா தாமரை விரியுது, சரி. சேத்துக்குள்ள இருட்டுல கிடக்கிற வேருக்கு விடிஞ்சது எப்படிம்மா தெரியும்?" என்றான்.

எனக்கோ வெயில், பசி. "பேசாம வாடா!" என்று அதட்டிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளை வாயே திறக்கவில்லை. மனசுக்குள் சுருக்கென்றது. பத்தாவது வரை படித்த எனக்குப் பதில் தெரியாததற்கு அவன் என்ன செய்வான்?

தாவரவியல் படிக்கும் நாத்தனார் மகளைப் பிடித்துக்கொண்டேன். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். 1729-லேயே டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தாராம். வெயில் படாமலே வேளை தவறாமல் இலை விரிந்ததாம். இலை பகலில் சமைத்து அனுப்பும் சர்க்கரை வழியே வேருக்கும் பொழுதின் சேதி போகிறது.

இன்னொன்று கேளுங்கள். பகலில் இலை மாவுச்சத்தைச் சேர்த்து வைத்து, விடியும்வரை வருகிற மாதிரி இரவெல்லாம் அளந்து செலவழிக்கிறது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தார் 2013-ல் இந்தக் கணக்கை விளக்கினார்கள். சீக்கிரமே இருட்டாக்கினால், அன்றைக்குச் செலவையும் குறைத்துக்கொள்கிறதாம்! மாசக் கடைசியில் நாம் அரிசியை அளந்து போடுகிறோமே, அதேதான்.

வேர் நுனியிலும் மாவுச்சத்து மணிகள் உண்டு. கரைத்த மாவு அடியில் தங்குவதுபோல் அவை பூமியின் இழுப்பில் கீழே தங்க, வேருக்குத் திசை தெரிகிறது.

அந்த இழுப்பு இல்லாவிட்டால் கடிகாரம் நின்றுவிடுமா? 1983-ல் விண்வெளிக்குப் போன ஒரு பூஞ்சையின் கடிகாரம், சற்றுத் தளர்ந்தாலும், ஓடியதாம். நம் இஸ்ரோவும் 2024 டிசம்பரில் 8 காராமணி விதைகளை அனுப்பியது. நாலே நாளில் முளைவிட்டன.

நாங்களும் செய்தோம். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு பச்சைப்பயறு செருகினோம். வேர் ஓர் அங்குலம் வந்ததும் டம்ளரைப் படுக்க வைத்தோம். மறுநாள் காலையில் வேர் நுனி தரையைப் பார்த்து வளைந்திருந்தது!

"தலைகீழா வெச்சா என்னம்மா ஆகும்?" என்றான். வைத்திருக்கிறோம், அடுக்களை அலமாரியில்.