இரண்டு சைலன்சர்கள்

நாமக்கல்லில் லாரி டயர் கடை ஓரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒலியைப் பற்றிய பெரிய பாடம் ஒன்று கிடைத்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றினால் காற்று 'உஸ்ஸ்' என்று நிதானமாக வெளியேறும். பக்கத்தில் நின்று டீ குடிக்கலாம். அதே டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். இரண்டு முறையும் வெளியே வந்தது அதே காற்று, அதே அழுத்தம். ஒரு முறை சில நிமிடங்களில் வந்தது. மறுமுறை கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சைலன்சரின் ரகசியத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். அது சத்தத்தை அப்படியே விழுங்கிவிடுவதில்லை. அவசரமாக ஓடிவரும் வாயுவைப் பிடித்து நிறுத்தி, விரிய இடம் கொடுத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, மெல்ல வெளியே விடுகிறது.

இந்தக் கருவியை நம் நாட்டுச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதையே துப்பாக்கியின் வாயில் மாட்டினால் கதை வேறு. சுடும் ஓசையையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவியை ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. லாரியில் இல்லாவிட்டால் குற்றம். துப்பாக்கியில் இருந்தால் குற்றம்.

ஆனால் இரண்டும் ஒரே மனிதரின் பட்டறையில் வளர்ந்த உடன்பிறப்புகள். அமெரிக்காவின் ஹைரம் பெர்சி மாக்சிம் மோட்டார் கார் எஞ்சினியர். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் அவருடைய தந்தை. தன் துப்பாக்கிகளின் ஓசையிலேயே காது மந்தமாகிப்போனவர். குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்று சுழன்று மெதுவாக வடிவதைப் பார்த்தபோது, வாயுவையும் இப்படிச் சுழலவிட்டால் என்ன என்று மகனுக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1909 மார்ச்சில் அவருக்குத் துப்பாக்கி சைலன்சருக்கான காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அவர் தொடங்கிய நிறுவனம் துப்பாக்கியை விட்டுவிட்டு எஞ்சின் சைலன்சர் பக்கமே போய்விட்டது.

துப்பாக்கி முனையில் என்ன நடக்கிறது? நாமக்கல்லிலிருந்து காவிரியோடு கீழே இறங்கினால் திருச்சி. அங்கே 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையைச் சுற்றுவட்டாரத்தில் 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றே சொல்வார்கள். அங்கே உருவான 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' சுடும் குண்டு நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில் போகும். அந்தக் குண்டு குழலின் வாயைத் தாண்டும் கணத்தில், அதைத் தள்ளிக்கொண்டு வந்த வாயு சாதாரணக் காற்றைப்போலச் சில நூறு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். லாரி டயரில் இருப்பது ஏழெட்டு மடங்குதான். அதனால்தான் துப்பாக்கி வேட்டு காதருகே 160 டெசிபெல்லைத் தொடுகிறது.

அந்த வாயுவை என்ன செய்வது என்ற கேள்விக்குத் துப்பாக்கிப் பொறியாளர்கள் மூன்று விடை வைத்திருக்கிறார்கள். முதலாவது, தீப்பிழம்பு அடக்கி. முழுதாக எரியாமல் வெளிவரும் வாயு வெளிக்காற்றின் ஆக்சிஜனைச் சந்தித்ததும் மறுபடி பற்றிக்கொள்ளும். பழைய பைக்கில் சைலன்சர் வாயில் 'டப்' என்று தீ எட்டிப்பார்க்குமே, அதே சங்கதி. முனையில் கவைபோலப் பிளந்த துண்டு ஒன்று அந்த வாயுவைச் சிதறடித்து, பற்றவிடாமல் செய்கிறது.

இரண்டாவது, முனை பிரேக். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் போடுவார்கள். எஞ்சினின் புகையையே அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் உத்தி. முனை பிரேக்கும் வாயுவை வைத்தே வேலை வாங்குகிறது. பக்கவாட்டுத் துளைகள் வழியாக வாயுவைத் திருப்பி அடிக்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது. தோளில் விழும் உதை குறைகிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கு அது பெரும் தண்டனை.

மூன்றாவது, சைலன்சர். உள்ளே அடுக்கடுக்காகத் தடுப்புத் தட்டுகள், நடுவில் குண்டு போக ஒரு துளை. ஒவ்வோர் அறையிலும் வாயு விரிந்து, சுழன்று, ஆறி, அடுத்ததற்குப் போகிறது. முதல் குண்டு மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்கும். அறைகளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனில் வாயு பற்றிக்கொள்வதே காரணம்.

பல சைலன்சர்கள் முதல் இரண்டு கருவிகளில் ஒன்றின் மேல்தான் பூட்டப்படுகின்றன. எதைத் தேர்வது? சைலன்சர் மாட்டியபின் பிரேக்கின் இழுப்பு பெருமளவு அடங்கிவிடும். ஆனாலும் சுடுதுகள்களின் முதல் அடியை அது தன்மேல் வாங்கிக்கொள்வதால் உள்ளிருக்கும் முதல் தட்டு நெடுநாள் உழைக்கும். சைலன்சரைக் கழற்றி இருட்டில் சுட வேண்டி வருமானால் பிழம்பு அடக்கியே நல்லது. இதைவிட முக்கியம் பொருத்தம். நம்மூர் லேத்துக்காரர் சொல்வதுபோல 'சென்டர் அவுட்' ஆனால், குண்டு தட்டில் உரசிவிடும். மரையில் கரி பிடித்தால் கழற்றவே வராது. இன்னொன்று பின்னழுத்தம். சைலன்சர் அடைத்தால் லாரியின் இழுவை குறைந்து மைலேஜ் போகும். துப்பாக்கியிலோ புகை சுடுபவர் முகத்துக்கே திரும்பும்.

இத்தனை செய்தும் சினிமாவில் வரும் 'புஸ்' நிஜத்தில் கிடையாது. நல்ல சைலன்சர் 25 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். மீதமிருப்பதே காதைக் கூச வைக்கும். மேலும் குண்டு தானே ஒரு சத்தம் போடும். மாட்டுவண்டிச் சாட்டையைச் சுண்டினால் 'சுளீர்' என்பது, அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால். சேலத்துச் சித்திரை வெயிலில், 40 டிகிரி வெப்பத்தில், காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 355 மீட்டர் போகும். 700 மீட்டரில் பறக்கும் குண்டு வழிநெடுகச் சாட்டை சொடுக்கிக்கொண்டே போகிறது. முனையில் மாட்டும் எந்தக் கருவியாலும் அதைத் தடுக்க முடியாது.

நார்வே, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதைக் காக்கச் சைலன்சர் மாட்டுவது சாதாரணம். நம் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது, அது எனக்குச் சரியென்றே படுகிறது. கொல்லிமலையிலோ சேர்வராயன் மலையிலோ திருட்டு வேட்டைக்காரன் சுட்டால், அந்த வேட்டுச் சத்தம்தான் காட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

ஆனால் காதைக் காக்கும் அக்கறை நமக்கு வேண்டாததா? திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு போடப் போகின்றன. கம்ப்ரசர் அலற, துளையிலிருந்து காற்றும் கல்தூளும் சீற, அதன் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கிறார்கள் இளைஞர்கள். 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி என்பது காதுக்கான பாதுகாப்புக் கணக்கு. 100 டெசிபெல்லில் அது வெறும் 15 நிமிடம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. காதுக்கவசம் போடாத ரிக் தொழிலாளி, மாக்சிமின் தந்தை இழந்ததையே சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறார்.

வாயுவின் அவசரத்தை எப்படித் தணிப்பது என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குத் தெரியும். ஓட்டை விழுந்த லாரி சைலன்சரை மாற்றுவதும், கம்ப்ரசரின் புகைக்குழாயைப் பராமரிப்பதும், ரிக்கில் ஏறும் பையனுக்கு ஒரு ஜோடி காதுக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் அந்த அறிவின் மலிவான பயன்கள். ஊருக்குத் திரும்பும் அந்தப் பையனுக்கு, வாசலில் அம்மா கூப்பிடும் குரல் கேட்க வேண்டும்.